சேர்த்தவர் போன பிறகு - 9: ஒரு ஃபெராரியும் மற்ற 58 கார்களும்

சென்ற வாரம் பார்த்த, மிலூஸில் கார் சேர்த்த ஷ்லும்ப் சகோதரர்களின் கதையில் ஆலைத் தொழிலாளிகள் இருந்தார்கள், கடன் கொடுத்தவர்கள் இருந்தார்கள், பிரெஞ்சு அரசாங்கம் இருந்தது. வாரிசுகளைப் பற்றித்தான் அதிகம் பேசவில்லை. இந்த வாரம் முழுக்க வாரிசுகள். நாடு அதே பிரான்ஸ்தான். மிலூஸ் கிழக்கு எல்லை என்றால், இந்தக் கதை நடந்தது மேற்குப் பக்கம், ஒரு பண்ணை வீட்டுத் தோட்டத்தில்.

ரோஜர் பயோன் லாரி முதலாளி. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சரக்குப் போக்குவரத்தில் நன்றாகச் சம்பாதித்தவர். சும்மா சம்பாதித்துவிட்டு உட்காருகிற ஆளும் இல்லை. தானே ஒரு காரை வடிவமைத்துக் கட்டி, ‘நீலப்பறவை’ என்று பெயர் சூட்டி, 1947 பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் கொண்டுபோய் நிறுத்தினார். 1950களில் அவருக்குப் பழைய கார்கள் மேல் பித்துப் பிடித்தது. பித்துக்கு ஏற்ற காலமும் அதுதான். போருக்குப் பின் பிரான்சில் பெரிய என்ஜின் கார்களுக்குக் கடுமையான வரி. டால்போ-லாகோ, டெலாஹே, டெலாஜ், ஹிஸ்பானோ-சுய்ஸா என்று ஒரு காலத்தில் ராஜாக்களும் நடிகைகளும் ஏறிய வண்டிகளையெல்லாம் வைத்துக்கொள்வதே தண்டச் செலவு என்று ஆகிவிட்டது. சவ்சிக் போன்ற புகழ்பெற்ற பாடி கட்டும் பட்டறைகள் ஒவ்வொன்றாக இழுத்து மூடப்பட்டன. வண்டிகள் காயலான் கடைக்கு எடைக்குப் போயின. பயோன் அந்தக் கடைகளில் போய் நின்று, உடைபட இருந்த வண்டிகளை வாங்கி வந்தார்.

எல்லாவற்றையும் சீர்செய்து ஒரு மியூசியம் கட்ட வேண்டும் என்பது அவர் கனவு. வாங்கியது நடந்தது, சீர்செய்வது நடக்கவில்லை. 1970களில் தொழில் நொடித்தது. ஏறக்குறைய 50 கார்கள் கைமாறிப் போயின. மிச்சத்தை அவர் நின்ற இடத்திலேயே விட்டுவிட்டார். தகரக் கொட்டகை, ஓடு சரிந்த தொழுவம், சிலவற்றுக்கு அதுவும் இல்லாமல் திறந்த வெளி. கொடி படர்ந்து ஜன்னல் வழியாக உள்ளே போய் மறு ஜன்னல் வழியாக வெளியே வந்தது. ரோஜர் இறந்தார், வண்டிகள் மகன் ஜாக் கைக்கு வந்தன. மகன் ஒரு திருகாணியைக்கூடத் திருப்பியதாகத் தெரியவில்லை. 2013-ல் அவரும் போனார்.

இப்போது பேரப்பிள்ளைகளின் முறை. தாத்தா கார் சேர்த்தார் என்று அவர்களுக்குத் தெரியும். எத்தனை, என்னென்ன, எதற்கு என்ன மதிப்பு என்பது தெரியாது. நம் ஊரில் தாத்தாவின் இரும்புப் பெட்டி சாவியோடு கிடைத்து, உள்ளே இருக்கும் பத்திரங்கள் எந்தப் புஞ்சைக்கு என்று தெரியாமல் விழிக்கிற பேரன்களின் நிலைதான். அவர்கள் செய்த முதல் நல்ல காரியம், உள்ளூர் வியாபாரியைக் கூப்பிடாமல் பாரிஸின் ஆர்ட்கூரியல் ஏல நிறுவனத்தைக் கூப்பிட்டது. அங்கிருந்து மாத்தியூ லாமூர், பியர் நோவிகோஃப் என்ற இரண்டு கார் நிபுணர்கள் 2014-ல் வந்து பார்த்தார்கள்.

தோட்டத்தைச் சுற்றியவர்கள் கடைசியில் மூடிக் கிடந்த ஓர் அறைக்குப் போனார்கள். அங்கே ஒரு மஸராட்டி, ஏ6ஜி 2000, ஃப்ரூவா கட்டிய உடல். அதன் டிக்கி மேல் கண்டதையும் தூக்கி வைத்து வைத்து, தகடு உள்ளே அமுங்கியிருந்தது. பக்கத்தில் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்குக் கீழே இன்னொரு வண்டி. கட்டுகளை விலக்கினால் 1961 ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர். குறுகிய வீல்பேஸும் கண்ணாடி மூடிய ஹெட்லைட்டுமாக வந்த இந்த ரகத்தில் மொத்தமே 37 வண்டிகள்தான் தயாராயின. இந்தக் குறிப்பிட்ட வண்டி நடிகர் அலென் டெலோனிடம் இருந்தது. ஜேன் ஃபோண்டாவோடும் ஷெர்லி மெக்லெய்னோடும் அவர் இதில் எடுத்துக்கொண்ட படங்கள் இருக்கின்றன. இதன் மேல் பத்திரிகைக் கட்டை வைத்தவர் யார் என்று ஒரு பேரன்கூட விசாரித்திருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

இங்கே இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. இந்த அத்தியாயமே அந்த இரண்டைப் பற்றித்தான்.

ஒன்று, வண்டிகளைக் கழுவவில்லை. துரு, தூசி, சிலந்திக்கூடு, கிழிந்த தோல் இருக்கை எல்லாவற்றோடும் அப்படியே பாரிஸுக்கு ஏற்றி வந்தார்கள். ரெட்ரோமொபில் கண்காட்சியில் இருட்டான கூடத்தில் விளக்கு போட்டு நிறுத்தினார்கள். ‘தொடாதீர்கள்’ என்ற எச்சரிக்கை இந்த ஒரு முறை பளபளப்பைக் காப்பாற்ற வைக்கப்பட்டதல்ல, அழுக்கைக் காப்பாற்ற வைக்கப்பட்டது.

இரண்டாவதுதான் பெரியது. ஃபெராரியைத் தனியாக விற்கவில்லை. விற்றிருக்கலாம். அந்த வண்டிக்கு ஏலமே தேவையில்லை. வாங்கக்கூடிய ஆட்கள் உலகில் யார் யார் என்று அந்த நிபுணர்களுக்குத் தெரியும், நாலு தொலைபேசி அழைப்பில் முடிந்திருக்கும். பேரப்பிள்ளைகள் பணத்தைப் பிரித்துக்கொண்டு, மற்றதைக் காயலான் கடைக்காரரிடம் “எடுத்துட்டுப் போங்க” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 2015 பிப்ரவரி 6 அன்று 59 கார்களும் ஒரே கூரையின் கீழ், ஒரே நாளில் ஏலத்துக்கு வந்தன.

ஃபெராரிக்கு நிபுணர்கள் போட்ட மதிப்பு 95 லட்சம் முதல் 1.2 கோடி யூரோ. போனது ஏறக்குறைய 1.63 கோடிக்கு. அமுங்கிய டிக்கியோடு மஸராட்டி 19.6 லட்சம். சவ்சிக் கட்டிய டால்போ-லாகோ டி26 கிராண்ட் ஸ்போர்ட் 17 லட்சம். மொத்தம் 2.5 கோடி யூரோவைத் தாண்டியது.

கூட்டிக் கழித்துப் பாருங்கள். மூன்று வண்டிகள் ஏறக்குறைய 2 கோடி. மற்ற 56 வண்டிகளும் சேர்ந்து சுமார் 52 லட்சம். ‘பார்த்தீர்களா, மதிப்பெல்லாம் அந்த மூன்றில்தான்’ என்று சொல்பவர்கள் உண்டு. நான் மாற்றிச் சொல்வேன். கதவு கழன்று, தரை அரித்து, என்ஜின் இறுகிப்போன 56 கூடுகளுக்கு 52 லட்சம் யூரோ! அவற்றில் பல, வேறு எந்த ஊரில் எந்த நாளில் தனியாக நின்றிருந்தாலும் இரும்பு விலைக்கு மேல் ஒரு காசு பெற்றிருக்காது. ஃபெராரியைப் பார்க்க வந்த கூட்டத்தின் கையில் மிச்சப் பணம் இருந்தது. பயோன் தோட்டத்து வண்டி என்ற பெயரோடு ஒன்றையாவது வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. நல்ல பெண்ணைக் காட்டிவிட்டு வேறு பெண்ணைக் கட்டிவைக்கிற தரகு வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். நான் சுளிக்க மாட்டேன். அந்த 56-க்கும் வீடு கிடைத்தது அதனால்தான்.

சேகரிப்பில் உள்ள ரத்தினம் தன்னைத் தானே விற்றுக்கொள்ளும். அதற்கு வாரிசு தேவையில்லை. வாரிசின் வேலை மற்றவற்றோடு தொடங்குகிறது. ரத்தினத்தை முதலில் விற்றுவிட்டால், மற்றவற்றை இழுத்துச் செல்ல என்ஜின் இல்லை.

ரத்தினம் மட்டுமே இருந்த கதையும் ஒன்று உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஹெரால்ட் கார் என்று ஓர் எலும்பு அறுவை மருத்துவர். பெயரே கார்! 1937-ல் தயாரான புகாட்டி டைப் 57எஸ் அட்டலாண்ட் ஒன்றை 1955-ல் வாங்கினார். அதன் முதல் உடைமையாளர் பந்தய வீரர் ஏர்ல் ஹவ். சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு மருத்துவர் அதைக் கொட்டகையில் பூட்டினார். அப்புறம் எடுக்கவே இல்லை. விஷயம் தெரிந்தவர்கள் விலை கேட்டுப் பார்த்தார்கள், மனிதர் அசைந்துகொடுக்கவில்லை. 2007-ல் அவர் இறந்த பிறகு கதவைத் திறந்த உறவினர்கள், 2009 பிப்ரவரியில் இதே ரெட்ரோமொபில் நாட்களில் பாரிஸில் அதை ஏலம் விட்டார்கள். 34 லட்சம் யூரோ. உலகமே வங்கி நெருக்கடியில் கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரம் அது. சொன்னேனே, ரத்தினத்துக்கு நல்ல நேரம் கெட்ட நேரம் கிடையாது. ஒரே வண்டி என்பதால் வாரிசுகளுக்கும் குழப்பமில்லை.

குழப்பம் என்றால் அமெரிக்கா. நெவாடா மாநிலத்து ரீனோவில் சூதாட்ட விடுதிகள் நடத்திய வில்லியம் ஹாரா 1978-ல் இறந்தபோது அவருடைய சேகரிப்பில் சுமார் 1,400 கார்கள். பழுதுபார்க்கத் தனிப் பட்டறை, தனி நூலகம் என்று ராஜாங்கமே நடத்தியவர். ஆனால் கார்கள் அவருடைய கம்பெனியின் சொத்தாக இருந்தன. 1980-ல் ஹாலிடே இன் நிறுவனம் அந்தக் கம்பெனியை வாங்கியது. விடுதியும் சூதாட்ட மேசையும் வாங்கியவர்களுக்குக் கூடவே 1,400 கார் வந்து சேர்ந்தால் என்ன செய்வார்கள்? விற்கப் போகிறோம் என்றார்கள். ஊர் கொதித்தது. கடைசியில் 175 கார்களும் அந்த நூலகமும் ஓர் அறக்கட்டளைக்குத் தானமாக வந்து, 1989-ல் ரீனோவில் தேசிய ஆட்டோமொபைல் மியூசியம் திறந்தது. மற்றவை 1980களின் நடுவில் ஏலம் ஏலமாகப் போயின. உலகிலேயே ஆறு மட்டும் மிஞ்சியிருக்கும் புகாட்டி ராயல்களில் ஒன்று 1986-ல் 65 லட்சம் டாலருக்குப் போனது.

ஊர் போராடிக் காப்பாற்றியது எட்டில் ஒன்று. குறைவு என்று தோன்றலாம். யாரும் போராடியிராவிட்டால் அதுவும் மிஞ்சியிராது. ஹாராவின் கதையில் என் கண்ணில் உறுத்துவது வேறு: வாழ்ந்த காலத்தில் எல்லாவற்றையும் இவ்வளவு ஒழுங்காகச் செய்த மனிதர், தனக்குப் பிறகு இவை யாருடையவை என்ற ஒரு தாளை எழுதாமல் போனது.

அதே நாட்டில் வாஷிங்டன் மாநிலத்து டக்கோமாவில், குப்பை அள்ளும் கம்பெனி நடத்திய ஹெரால்ட் லெமே வேறு ரகம். 1997-ல் கின்னஸ் புத்தகம் இவருடையதை உலகின் பெரிய தனியார் சேகரிப்பு என்று பதிவு செய்தது. அப்போது கணக்கு 2,700 வண்டி. ரத்தினம் தேடிய ஆள் இல்லை இவர். பஸ், தீயணைப்பு வண்டி, டிராக்டர், அடுத்த வீட்டுக்காரர் ஓட்டிய சாதாரண ஷெவர்லே, எது வந்தாலும் சரி. ஊர் முழுக்கக் கிடங்குகள். ஆண்டுக்கு ஒருநாள் கதவைத் திறந்து ஊராரைப் பார்க்கவிடுவார். அந்த ஒருநாள் பழக்கம்தான் பின்னால் கைகொடுத்தது என்பது என் எண்ணம். 2000-ல் அவர் இறந்தபோது ஊரில் எல்லாருக்கும் அந்த வண்டிகள் தெரியும். மனைவி நான்சியும் குடும்பத்தாரும் ஊராரும் சேர்ந்து உழைத்து, 2012-ல் டக்கோமாவில் பெரிய மியூசியம் ஒன்று எழுந்தது. குடும்பத்தின் பங்கு வண்டிகள் இன்னோர் இடத்தில் தனிக் காட்சியாக நிற்கின்றன. பன்னிரண்டு ஆண்டு பொறுமை வேண்டியிருந்தது. பயோனின் பேரப்பிள்ளைகளுக்கு இரண்டே ஆண்டில் வேலை முடிந்தது. எது மேல் என்று கேட்டால், ஒவ்வொரு வண்டியும் எங்கே போய்ச் சேர்ந்தது என்று சொல்லக்கூடிய நிலையில் யார் இருக்கிறார்களோ அவர்கள் செய்தது மேல்.

நம் பக்கம் வருவோம். மன்னர் மானியம் நின்ற பிறகு சமஸ்தானத்து ரோல்ஸ்ராய்ஸ்களும் டெய்ம்லர்களும் லாயத்தில் தூங்கியபோது, அவற்றைத் தேடித் தேடி வாங்கியவர் மும்பைத் தொழிலதிபர் பிராண்லால் போகிலால். 2011-ல் அவர் இறந்த பிறகும் அகமதாபாதுக்கு வெளியே கட்வாடா பண்ணையில் அந்தக் கார்கள் பார்வைக்கு நிற்கின்றன, குடும்பம் கைவிடவில்லை. கோவை அவிநாசி சாலையில் ஜீடி கார் மியூசியம் 2015-ல் திறந்தது. ஜி.டி. நாயுடு மறைந்தது 1974. இடையில் ஒரு தலைமுறை, மகன் ஜி.டி. கோபால் காலத்தில், வண்டிகளை விற்காமல் வைத்திருந்ததோடு மேலும் சேர்த்தும் வந்ததால்தான் இன்று பள்ளிப் பிள்ளைகள் அங்கே வரிசையில் நிற்கிறார்கள்.

ஆனால் இந்தத் தொடரைப் படிக்கும் பலருக்கு அறக்கட்டளையும் கிடையாது, பண்ணையும் கிடையாது. பெரியப்பா விட்டுப்போன ஒரு ஷெட் இருக்கும். உள்ளே ஒரு ஃபியட் 1100, ஒரு மோரிஸ் மைனர், சென்னைக்குப் பக்கத்தில் தயாரான ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, டயர் இல்லாமல் செங்கல் மேல் நிற்கும் ஏதோ ஒன்று. ஃபெராரி இருக்காது. ரத்தினமே இல்லாத ஷெட்டில் வண்டிகளை இழுத்துச் செல்ல என்ன இருக்கிறது?

காகிதமும் உதிரி பாகமும். ஷெட்டைச் சுத்தம் செய்யும் உற்சாகத்தில் முதலில் வெளியே போவதும் இவை இரண்டுதான். பரணில் கோணிப்பையில் கிடக்கும் கார்புரேட்டர், ரேடியேட்டர் மூடி, லூகாஸ் விளக்கு, வீல் கப் எல்லாம் காயலான் கடைக்காரருக்குப் பிளாஸ்டிக் குடம் கொடுக்கிற சமாச்சாரம். அந்தப் பை போன பிறகு வண்டியைப் பார்க்க வருபவர், “ஹெட்லைட் வளையம் எங்கேங்க?” என்று கேட்பார். அதைத் தேடி அவர் புதுப்பேட்டையில் ஆறு மாதம் அலைய வேண்டும். அலைச்சலுக்கான கூலியை விலையில் கழிப்பார். பழைய ஆர்.சி. புத்தகம், முதன்முதலில் வாங்கிய ரசீது, வரி கட்டிய சீட்டுகள், கல்யாணத்தன்று மாலை போட்டு எடுத்த படம் எல்லாம் ஒரு கோப்பில் இருந்தால், சாதாரண ஃபியட்டும் ‘இன்னாருடைய வண்டி’ ஆகிறது. டெலோன் ஃபெராரிக்குச் செய்ததை உங்கள் பெரியப்பா தன் ஃபியட்டுக்குச் சிறிய அளவில் செய்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

அடுத்தது, சாவியைத் தேடி எடுத்து ஸ்டார்ட் செய்து பார்க்கிற ஆசை. எந்தப் பழைய மெக்கானிக்கைக் கேட்டாலும் தலையில் அடித்துக்கொள்வார். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோல் பிசினாகியிருக்கும். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். வயரை எலி தின்றிருக்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி அந்தத் துளைகளில் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவைத்து, கையால் மெல்லத் திருப்பிப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். அவசரப்பட்டு பேட்டரி கொடுத்தால் அதுவரை பிழைத்திருந்த என்ஜினும் போகும். பெயின்ட் அடித்து விற்கலாம் என்ற யோசனை அதைவிட மோசம். வாங்குகிறவர் துருவைப் பார்க்க விரும்புவார், பட்டி பூசி மறைத்ததை அல்ல. சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் துணியால் துடைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும்.

சட்டம் பற்றி ஒரு சொல். உடைமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அந்த மாற்றம் முடிந்த பிறகுதான் வாங்குபவர் பெயருக்கு மாற்றம். பெரியப்பா இறந்து பத்து ஆண்டு கழித்து, அமெரிக்காவில் ஒரு மகள், பெங்களூரில் ஒரு மகன் என்று கையெழுத்துக்கு அலையும் குடும்பங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, அனுதாபம் தவிர. 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேஸிஸ், பாடி, என்ஜின் பெரிதாக மாற்றப்படாமல் இருந்தால் ‘விஏ’ வரிசையில் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். பழைய மெட்ராஸ் எண் பலகைக்காகவே வண்டி வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள், அதனால் இது சின்ன விஷயமில்லை. அன்றாடம் கடைத்தெருவுக்கு ஓட்டிப்போக மட்டும் அனுமதி இல்லை.

யாருக்குக் கொடுப்பது? மியூசியத்துக்குத் தானமாகக் கொடுத்துவிடலாம் என்று எல்லாருக்கும் முதலில் தோன்றும். மியூசியங்களுக்கு இடம் இல்லை. இருக்கிற ஹெரால்டே அவர்களுக்குப் போதும். சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற ஆர்வலர் கூட்டங்கள் பேரணி நடத்தும் நாளில் போய் நில்லுங்கள். உங்களிடம் இருக்கிற அதே மாடலை ஓட்டிக்கொண்டு வருகிறவர் யார் என்று பாருங்கள். அவர்தான் உங்கள் ஆள், அல்லது உங்கள் ஆளைத் தெரிந்தவர். இரண்டாவது ஹெரால்டு அவருக்குத் தேவைப்படலாம், முதல் ஹெரால்டுக்கு உதிரி பாகம் எடுக்கவாவது. அதையும் தவறென்று நான் சொல்ல மாட்டேன். ஒரு வண்டி ஓட இன்னொன்று உறுப்புத் தானம் செய்வது, ஒன்றும் ஓடாமல் இரண்டும் மக்குவதைவிட நல்லது. திரைப்படக்காரர்கள் வாடகைக்குக் கேட்பார்கள். கல்யாண ஊர்வலத்துக்கு வண்டி விடுகிறவர்கள் கூரையை அறுத்து ‘ஓபன் கார்’ ஆக்கக் கேட்பார்கள். முன்னவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். பின்னவரிடம், பெரியப்பாவை நினைத்துக்கொண்டு, வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

நாலு வண்டியில் ஒன்றுக்கு மட்டும் நல்ல விலை வந்தால், “நாலையும் எடுத்துக்கிட்டா இது உங்களுக்கு” என்று சொல்லிப் பாருங்கள். பாரிஸில் அப்படிக் கட்டாயம் இல்லை, ஆனால் ரத்தினத்தைக் காட்டி மற்றவற்றையும் நகர்த்திய யோசனை இதேதான், கொஞ்சம் பெரிய தொகைக்கு.

அடுத்த வாரம் கோட்டையூர். அங்கே கார் இல்லை. 1992-ல் மறைந்த ரோஜா முத்தையா வீட்டில் சேர்த்து வைத்திருந்த நூல்களும் இதழ்களும் நோட்டீஸ்களுமாக ஏறக்குறைய ஒரு லட்சம். அவை எப்படிச் சென்னைக்கு வந்து சேர்ந்தன என்பதைப் பார்ப்போம்.